பச்சை இலை போட்ட சூப்

பக்கத்து வீட்டு அக்கா செத்த முப்பத்தோராம் நாள், அவருடைய பிள்ளைகள் கல்வெட்டு அடித்துக் கொடுத்தார்கள். செத்தவரின் படம், தேவாரம், பிள்ளைகளின் புலம்பல் எல்லாம் போட்டு, வழவழப்பான தாளில் அச்சடித்த புத்தகம். என் மருமகள் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். ‘நாவாலும் புலால் தீண்டாத தூய சைவநெறியாளர்’ என்று மூன்று இடத்தில் இருந்தது. மூன்று இடத்திலும் நான் தலையை ஆட்டினேன். செத்தவர்களைப் பற்றிக் கூட்டி எழுதுவது வழக்கம்தான், அதில் நான் குறை காண வரவில்லை. ஆனால் கணக்கில் இரண்டு கோப்பை சூப் விடுபட்டிருக்கிறது. அதை எழுத என்னை விட்டால் ஆளில்லை.

அவரும் நானும் லண்டனில் கிங்ஸ்பரியில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருபத்திரண்டு வருடம் இருந்தோம். அவர் யாழ்ப்பாணத்தில் தபாற்கந்தோரில் முப்பது வருடம் உத்தியோகம் பார்த்தவர். பன்னிரண்டு வயதில் தீட்சை பெற்றவர். நான் மன்னார்க் கரையில், மீன் காயப்போடுகிற கருவாட்டு வாடியில் பிறந்தவள். அப்பு, என் தகப்பன், மாசிக் கருவாடும் நெத்தலியும் மூட்டை கட்டிக் கொழும்புக்கு அனுப்பியவர். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. அதற்குப் பிறகு வாடியில் மீன் கீறினேன், மாதா கோயிலில் தாலி கட்டிக்கொண்டேன், லண்டனுக்கு வந்து ஒரு பள்ளிக்கூடத்தைப் பத்தொன்பது வருடம் கூட்டித் துடைத்தேன், நான்கு பிள்ளைகளை ஆளாக்கினேன். இதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அக்கா என்னைவிட நான்கு மாதம் மூப்பு. நான் அவரை ‘நீங்கள்’ என்பேன். அவர் என்னை ‘நீர்’ என்பார். நான்கு மாதத்துக்கு அவ்வளவு இடைவெளி எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம் போடுவது போல அவர் பூதக்கண்ணாடி போடுவார். கறுப்பு நூலில் கோத்து நெஞ்சில் தொங்கும். வாயில் போகிற எதையும் முதலில் அந்தக் கண்ணாடியால் வாசிக்க வேண்டும். ஒரு முறை சூப்பர் மார்க்கெட்டில் பாண் ரொட்டி அடுக்குக்கு முன்னால் முக்கால் மணித்தியாலம் நின்றார். ஒவ்வொரு பாணாக எடுத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்து, திரும்ப வைத்தார். காவலுக்கு நிற்கிற பெடியன் இரண்டு தரம் சுற்றி வந்து பார்த்தான். மூன்றாம் தரம் வந்தபோது அவனையே பிடித்துவிட்டார். “தம்பி, உந்த நம்பர் போட்ட சாமான் மாட்டிலை இருந்து எடுக்கிறதோ, மரத்திலை இருந்து எடுக்கிறதோ?” அவன் ஆபிரிக்காப் பெடியன். தமிழ் விளங்காது, அக்காவின் ஆங்கிலமும் விளங்கவில்லை. பாவம், மேலாளரைக் கூட்டி வந்தான். மேலாளர் தலைமைக் கந்தோருக்கு போன் எடுத்தார். அன்றைக்கு நான் வாங்கிய ஐஸ்கிறீம் முழுவதும் தண்ணீராகிவிட்டது. அக்கா பாண் வாங்கவில்லை.

முப்பது வருடம் முத்திரை விற்றவர், ஒரு முத்திரையையும் நாக்கால் தொட்டதில்லையாம். முத்திரைப் பசை எலும்பில் காய்ச்சுவது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சிரட்டையில் ஈரப் பஞ்சு வைத்திருந்தாராம். நாக்கால் நக்கி ஒட்டுகிற சனத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்துப் பரிதாபப்படுவாராம். டாக்டர் கொடுத்த குளிசையின் மேற்கூடு மாட்டெலும்பில் செய்தது என்று கண்டுபிடித்து, கூட்டைப் பிரித்து எறிந்துவிட்டுத் தூளைத் தேனில் குழைத்து விழுங்கினார். நாக்கு இரண்டு நாள் வெந்து கிடந்தது.

“வெந்தாலும் சுத்தம்,” என்றார்.

ஓம், சுத்தமாகத்தான் வெந்தது.

என் பேத்தி முதல் முறையாக நன்மை வாங்கிய பூசைக்கு, மரியாதைக்காக எங்கள் மாதா கோயிலுக்கு வந்தார். பூசை முடிந்து எங்கள் பங்குச் சுவாமி வாசலில் நின்று எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா நேரே போய்க் கேட்டார்: “சுவாமி, பிள்ளையளின்ரை வாயிலை வைச்சியளே ஒரு அப்பம், அதிலை முட்டை இருக்கோ?”

சுவாமி நல்ல மனிதர். “இல்லை அம்மா, மாவும் தண்ணியும்தான்,” என்றார்.

“அப்ப நல்லது,” என்று அக்கா தலையை ஆட்டினார். இரண்டாயிரம் வருடமாக நடக்கிற காரியத்துக்கு அன்றைக்குத்தான் அனுமதி கிடைத்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம். எனக்கு வருகிற கடிதம் எல்லாவற்றையும் அவர்தான் வாசித்தார். கவுன்சில் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம், பெனிபிட் கடிதம், ஒன்றுக்கும் முகம் சுளித்ததில்லை. ஒரு முறை கவுன்சில் என்னை வீட்டை விட்டு எழுப்பப் பார்த்தது. அக்கா ஏழு மறுகடிதம் எழுதினார். எட்டாவதுக்கு அவர்களே களைத்துப் போய் விட்டுவிட்டார்கள். வாசிக்கிறபோது என் வீட்டு வாசல் மிதியடியில் நிற்பார். அதற்கு உள்ளே வந்ததில்லை. மழை பெய்தால் ஒரு கையில் குடை, ஒரு கையில் கடிதம், நெஞ்சில் கண்ணாடி. “உள்ளுக்கு வாங்கோ அக்கா, ஒரு வாய் தேத்தண்ணி குடியுங்கோ,” என்றால், “இப்பத்தான் குடிச்சிட்டு வந்தனான்,” என்பார். இருபத்திரண்டு வருடமாக ஒரு மனுசி எந்த நேரமும் இப்போதுதான் குடித்துவிட்டு வந்தால் அது என்ன வயிறோ.

இனிச் சூப்புக்கு வருகிறேன்.

அக்காவுக்கு எழுபத்தைந்து வயது நிறைந்தபோது, செவன் கிங்ஸில் இருக்கிற மகள் வித்தியாசமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தாள். எங்கள் ஆள் ஒருவர் சுஷிக் கடை திறந்திருந்தார். நடுநகரில் ஒரு ஜப்பான்காரரின் குசினியில் பதினெட்டு வருடம் அரிசி கழுவி, பிறகு மீன் வெட்டி, பிறகு எங்கள் பக்கத்தில் சொந்தமாகத் தொடங்கிய கடை. யாழ்ப்பாணமும் ஜப்பானும் கலந்த சாப்பாடாம். பச்சை மீனும் கடற்பாசியும் விற்கிற இடத்துக்கு அக்கா எப்படி வருவார் என்று நான் கேட்டேன். “அன்ரி, மரக்கறிக்குத் தனிப் பக்கம் இருக்கு. அம்மா மூண்டு தரம் போன் எடுத்து விசாரிச்சுப்போட்டா,” என்றாள் மகள். “நீங்களும் வாங்கோ. நீங்கள் பக்கத்திலை இருந்தால்தான் அவ கொஞ்சம் அடங்கி இருப்பா.”

ஞாயிறு பூசை முடிந்து, பூசைக்குக் கட்டிய சேலையோடு போனேன்.

கடை வாசலில் கால் வைத்ததும் நான்கு பெடியள் ஜப்பான் மொழியில் ஒரு கூச்சல் போட்டு, அதே மூச்சில் “வணக்கம்” என்றார்கள். எனக்கு நெஞ்சு ஒரு தரம் நின்று ஓடியது. மேலே ஜப்பான் அங்கி, கீழே லுங்கி போல எங்கள் ஊர்ப் பற்றிக் சாரம். சுவரில் ஒரு பனைமரம், அதன் தலைக்குப் பின்னால் சிவப்புச் சூரியன். மேசைகளுக்கு நடுவில் தண்டவாளம் போட்டு ஒரு விளையாட்டு ரயில் ஓடியது. அதுதான் சாப்பாடு கொண்டு வருகிறது. ஒவ்வொரு மேசையிலும் நின்று கூவும். மனிதர் இல்லையா கொண்டு வர என்று கேட்டேன். அது ஒரு புதுமை என்றார்கள். எனக்குத் தெரிந்து தட்டு தானாக வந்து நிற்கிற இடம் ஆஸ்பத்திரி மட்டும்தான்.

புட்டைக் கடற்பாசியில் சுருட்டி எட்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் மேலே ஒரு கணவாய் வளையம் வைத்திருந்தார்கள். இடியப்பத்தைக் குளிர வைத்து, சின்னப் பெட்டியில் அடுக்கி, நனைத்துத் தின்னக் கறுப்புத் தண்ணீர் ஒன்றும் கொடுத்தார்கள். ஜப்பான்காரரின் பச்சை உறைப்புக்குப் பதிலாகக் கறிவேப்பிலைச் சம்பல் ஒரு புளியங்கொட்டை அளவு. எட்டுத் துண்டும் சேர்ந்தால் என் மூத்தவன் வாய் திறக்க முதல் முடிந்துவிடும். பிடித்துத் தின்ன இரண்டு ஈர்க்குக் குச்சி. நான் கையைக் கழுவிவிட்டுக் கையாலே சாப்பிட்டேன். அக்கா கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றிய தன் கரண்டியை எடுத்தார். கடைக் கரண்டி யார் யார் வாயில் போனதோ.

மேசையில் எட்டுப் பேர். அக்கா, நான், மகள், மருமகன், பேரப் பிள்ளைகள் இரண்டு பேர், மருமகனின் தங்கச்சி, அவளுடைய புருஷன். எடுபிடிக்கு நின்றது தமிழ்நாட்டுப் பிள்ளை, இங்கே படிக்க வந்தவள்.

“பாட்டி, உங்களுக்கு வெஜ் மெனு தனியா இருக்கு. பச்சை இலை போட்டிருக்கறதெல்லாம் வெஜ்.”

“பாட்டி கிடக்கட்டும். பிள்ளை, வெட்டுற பலகை வேறையோ?”

“ஆமா பாட்டி, வேற.”

“கத்தி?”

“அதுவும் வேற.”

“வெட்டுற ஆள்?”

அந்தப் பிள்ளை குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “ஆள் ஒருத்தர்தான் பாட்டி. கை கழுவிப்பார்.”

“எத்தினை தரம்?”

“அம்மம்மா, ப்ளீஸ்,” என்றான் பேரன்.

அக்கா மெனுவை நெஞ்சுக்கு நேரே தூக்கி, கண்ணாடி பிடித்து, ஒரு பக்கத்தை வாசித்து முடிக்க ரயில் நான்கு தரம் சுற்றிவிட்டது. கடைசியில் கத்தரிக்காய்ச் சுருள் ஒன்றும், பலாக்காய் வைத்த சோற்று உருண்டையும், கடற்பாசிச் சூப்பும் என்று தீர்ப்பு வந்தது. சூப்பை எல்லாருக்கும் எடுத்தார்கள்.

மூடி போட்ட கறுப்புக் கோப்பை. மூடியைத் திறந்ததும் ஆவி என் முகத்தில் அடித்தது. நான் சிலுவை போடக் கையைத் தூக்கினேன், கை நெற்றியிலேயே நின்றுவிட்டது.

மாசி.

சூரை மீனை அவித்து, புகை காட்டி, கட்டையாகக் காய வைத்தால் மாசி. அந்தப் புகைக்குள்ளேதான் நான் தவழ்ந்தேன். அப்பு இரவு வாடியில் இருந்து வந்து என்னைத் தூக்கினால் அவருடைய சட்டை அதுதான் மணக்கும். உப்பு மணம் வேறு, மீன் மணம் வேறு, கருவாட்டு மணம் வேறு, மாசி வேறு. கண்ணைக் கட்டிவிட்டு நாலு சட்டிக்கு முன்னால் என்னை விட்டாலும் மாசிச் சட்டியில் கை வைப்பேன். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. மீன் துண்டு ஒன்றும் மிதக்கவில்லை, மேலே கடற்பாசியும் வெள்ளையாக ஏதோ கட்டியும்தான். ஆனால் தண்ணீர் முழுக்க மாசித் தண்ணீர்.

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா முதல் கோப்பையை முடித்துவிட்டார். கண்ணை மூடியிருந்தார்.

“இதுதான் சாப்பாடு,” என்று கண்ணைத் திறந்து மருமகனின் தங்கச்சிக்குச் சொன்னார். “கண்டீரோ பிள்ளை, ஒரு உயிரைக் கொல்லாமல் இவ்வளவு ருசி. மீன் தின்னிறவைக்கு இது விளங்காது.”

எனக்கு உள்ளே ஒரு சிரிப்பு வந்தது. மறைக்க மாட்டேன். பிறகு பயம் வந்தது. அறுபத்து மூன்று வருடத் தீட்சை, ஒரு கறுப்புக் கோப்பையில் கரைந்து போய்விட்டது. தெரியாமல் குடித்தது தெரியாமலே போகட்டும், வாயை மூடிக்கொண்டிரு என்று எனக்கு நானே சொன்னேன். ஆனால் அக்கா இன்னொரு கோப்பை கேட்டார். அது வருகிறவரைக்கும் பேச்சு நிற்கவில்லை.

“என்ரை மூக்கு அப்பிடி. தெருமுனையிலை ஆரும் மீன் பொரிச்சாலும் எனக்குத் தலையிடி வந்திடும். அதுதான் பாரும், பக்கத்து வீடு எண்டாலும் இவவின்ரை வீட்டிலை ஒரு மிடறு தண்ணி குடிக்க எனக்கு ஏலாது. சட்டி பானை எல்லாம் ஊறிப்போய்க் கிடக்கு. கடற்கரை ஆக்கள், அவையைக் குறை சொல்லக் கூடாது. இவ குறை நினைக்க மாட்டா.”

மேசையில் எல்லாரும் தங்கள் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். “அம்மா,” என்றாள் மகள் மெதுவாக. ரயில் வந்து நின்று கூவியது. இரண்டாவது கோப்பை வந்துவிட்டது.

நல்ல மனதால் சொன்னேனா, கெட்ட மனதால் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சொன்னேன்.

“அக்கா, அதைக் குடியாதேங்கோ. உதிலை மாசி இருக்கு.”

அக்காவின் கை நின்றது. என்னைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். குனிந்து ஒரு மூச்சு இழுத்தார். பிறகு கோப்பையை வைத்துவிட்டு, மெனுவை எடுத்து என் முகத்துக்கு நேரே விரித்தார்.

“இஞ்சை என்ன கீறிக் கிடக்கு? பச்சை இலை. பக்கத்திலை என்ன எழுதியிருக்கு? மரக்கறிச் சூப். நீர் எழுத்து வாசிக்கத் தெரியாதனீர். உமக்கேன் இந்த வேலை? தெரிஞ்ச ஆக்கள் வாசிச்சுப்போட்டுத்தான் குடிக்கினம்.”

கோப்பையைத் தூக்கினார். விளிம்புக்கு மேலால் என்னையே பார்த்தபடி கடைசித் துளி வரைக்கும் குடித்தார். வைத்தபோது மேசையில் டக்கென்று சத்தம் கேட்டது.

என்னை எழுத்துத் தெரியாதவள் என்று சொன்னால் எனக்குப் பொறுக்கும், அது முக்கால் உண்மை. ஆனால் மீன் விசயத்தில் என் சொல்லைப் பொய் என்று என் வாழ்க்கையில் ஒருவரும் சொன்னதில்லை. கொழும்பு முதலாளிமார் அப்புவின் மூட்டையை விலை பேச முதல், பத்து வயதுப் பெட்டை நான் மணந்து பார்த்துச் சொல்லுவதைக் கேட்டார்கள். எனக்கென்று இந்த உலகத்தில் ஒரு சொத்து இருந்தால் அந்தச் சொல்தான். அதை எட்டுப் பேர் இருந்த மேசையில் அக்கா துடைத்து எறிந்துவிட்டார்.

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழும்பி, நேரே குசினிக்குள் போனேன்.

கடைக்காரத் தம்பி மீன் வெட்டிக்கொண்டு நின்றார். நல்ல கை, அதைச் சொல்ல வேண்டும்.

“அன்ரி, பாத்ரூம் அங்காலை.”

“தெரியும். தம்பி, மரக்கறிச் சூப்புக்கு மாசி போட்டனீரோ?”

கத்தி நின்றது. சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. “அது ஜப்பான் மாசி, அன்ரி. சீவல் சீவலாய் வரும். எல்லாத்துக்கும் அடித்தண்ணி அதுதான். கொதிக்க விட்டு, சீவலை எடுத்துப்போட்டு, வடிச்சுத்தான் விடுறனான்.”

“வடிச்சால் மீன் மரக்கறியாகுமோ?”

“ரண்டு வருசமா ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை.”

“நீர் எந்த ஊர்?”

“பருத்தித்துறை.”

“கரையிலை பிறந்த பிள்ளை. வெக்கமாய் இல்லையோ உமக்கு?”

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார். “அன்ரி, சத்தமாய்க் கதையாதேங்கோ. மீன் கடை வைச்சிட்டன், ஆனால் எங்கடை சனம் மீன் தின்னிற நாளைவிடத் தின்னாத நாள்தான் கூட. வெள்ளி எண்டால் ஒருத்தரும் தொடாயினம். கந்தசட்டி எண்டால் ஆறு நாள். ஆரும் செத்தால் முப்பத்தொரு நாள். இந்தியாக்காரர் புரட்டாதிச் சனி எண்டுவினம். தவக்காலம் வந்தால் உங்கடை வேதக்காரரும் நாப்பது நாள் வராயினம். நான் அந்த இலையை நம்பித்தான் கதவைத் திறக்கிறன்.”

“சனமும் அந்த இலையை நம்பித்தான் வாயைத் திறக்குது.”

நான் அவரை அங்கேயே நிற்க வைத்து, பானையைக் கவிழ்க்கச் சொன்னேன். கடற்பாசியும் காய்ந்த காளானும் போட்டுக் காய்ச்சலாமே என்றேன். ருசி வராது என்றார். வராவிட்டால் வராமல் போகட்டும் என்றேன். மெனு எல்லாவற்றையும் கொண்டு வரச் சொல்லி, சூப்புக்குப் பக்கத்தில் இருந்த இலையைக் கறுப்புப் பேனையால் ஒவ்வொன்றாகக் கீறி அழிக்க வைத்தேன். எழுத்துத்தான் எனக்குக் கொஞ்சம், இலை வடிவாகத் தெரியும். பிறகு அந்தச் சீவலில் ஒரு பிடி கடதாசித் துடைப்பானில் சுற்றி எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினேன்.

அக்காவுக்கு முன்னால் வைத்து விரித்தேன்.

“உதென்ன?”

“சூப்புக்குப் போடுறது. குசினியிலை கேட்டு வாங்கியந்தன்.”

மரவேலைக்காரன் சீவித் தள்ளிய சுருள் போல மெல்லியதாக, இளம் ரோசா நிறத்தில் கிடந்தது. அக்கா கண்ணாடியைப் பிடித்தார். அவ்வளவு நேரம் அவர் எதையும் வாசித்து நான் பார்த்ததில்லை, அதில் ஒரு எழுத்தும் இல்லை. மகள் மேசைக்குக் கீழே என் முழங்காலில் கையை வைத்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

“மரச்சீவல்,” என்றார் அக்கா.

“அக்கா…”

“மரச்சீவல். ஜப்பான்காரர் வாசத்துக்கு மரப்பட்டை போட்டுக் காய்ச்சிறவை. நான் வாசிச்சிருக்கிறன்.” துடைப்பானை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினார்.

“அம்மம்மாக்குத் தெரியாதது ஒண்டும் இல்லை,” என்று பேரன் சிரித்தான்.

“அன்ரிக்குப் பாவம், எல்லாம் மீனாய்த்தான் மணக்குது,” என்றாள் மருமகனின் தங்கச்சி. மேசை முழுவதும் சிரித்தது. மனம் லேசான சிரிப்பு.

கடைக்காரரைக் கூப்பிட்டு ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். முழங்காலில் இருந்த கை என்னை இருத்தி வைத்தது. முட்டை இல்லாத கேக்கை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள், வளைவில் ரயில் சரிந்து மெழுகுதிரி அணைந்தது. பெடியள் கையில் தூக்கி வந்து வைத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மகள் காரில் கொண்டு போய் விடுகிறேன் என்றாள். அக்கா ஒப்பவில்லை. “எங்களுக்கு பஸ் பாஸ் இருக்கு. நாங்கள் போவம்.” எனக்கு அவரோடு போக மனமே இல்லை. ஆனால் இரண்டு வீடும் ஒரே தெரு.

பஸ்ஸில் அவர் யன்னல் பக்கம் இருந்தார். பஸ் இரண்டு தரிப்பில் நின்று போனது. பிறகு யன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

“உங்கடை கோயிலிலை ஒரு கூட்டுக்குள்ளை போய் முழங்காலிலை நிண்டு சொல்லுறனீங்கள் எல்லே, பாவம் எல்லாம்.”

“ஓம். மாதத்திலை ஒருக்கால் போறனான்.”

“சொன்னால் போயிடுமோ?”

“மனம் வருந்திச் சொன்னால் போகும். சுவாமி செபம் சொல்லச் சொல்லுவார்.”

“தெரியாமல் செய்ததையும் சொல்ல வேணுமோ?”

இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் சந்தேகம். எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. பாவம், எழுபத்தைந்து வயதில் பிறந்தநாள் அதுவுமாக.

“தெரியாமல் செய்தது பாவமில்லை அக்கா. விடுங்கோ. ஆண்டவருக்குத் தெரியும்.”

பஸ் நின்றது, ஆட்கள் ஏறினார்கள், பஸ் வெளிக்கிட்டது.

“முதல் கோப்பைதான் தெரியாமல்,” என்றார்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

“நீர் சொன்ன உடனை குனிஞ்சு மணந்தன். விளங்கிப்போச்சு. சின்னனிலை எங்கடை வீட்டுக்குப் பின்னாலை வேலைக்கு வந்த மனுசி தனக்கு மாசிச் சம்பல் இடிப்பா. மதிலுக்கு இஞ்சாலை நிண்டு நான் அதை மணந்துகொண்டு நிப்பன். அம்மா கண்டால் அடி. அதே மணம்.”

“தெரிஞ்சுமோ குடிச்சனீங்கள்? ஏன் அக்கா?”

“குடியாமல் விட்டிருந்தால் நீர் சொன்னது சரியெண்டு ஆகியிருக்கும்.”

அறுபத்து மூன்று வருடம் முத்திரைப் பசைக்கும் குளிசைக் கூட்டுக்கும் காத்த நாக்கை, நான் சரி என்று ஒத்துக்கொள்ள மனமில்லாமல் மாசித் தண்ணீரில் முக்கி எடுத்திருக்கிறார். எவ்வளவு பெரிய விரதக்காரி. அதைவிடப் பெரிய விரதம் என்னிடம் தோற்பதில்லை என்பதாகத்தான் இருந்திருக்கிறது.

பிறகு இன்னும் மெதுவாகச் சொன்னார். “நல்லாயும் இருந்தது.”

எங்கள் தரிப்பு கிட்ட வந்துவிட்டது. மணியை அமத்திவிட்டு எழும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை, பிடித்திருந்த கம்பியைப் பார்த்துச் சொன்னார்.

“உம்மடை மூக்கு நல்ல மூக்கு.”

“இதை அந்த மேசையிலை சொல்லியிருக்கலாம், அக்கா.”

“சொல்லியிருக்கலாம்தான்,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் பின்னால் போனேன்.

அவர் என்னிடம் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். ஒருவருக்கும் சொல்லாதேயும் என்று ஒரு சொல் கேட்டிருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன், கொடுத்த வாக்கு எனக்கு வாக்குத்தான். அவர் கேட்கவில்லை. என்னிடம் ஒன்றைக் கேட்பது அவருக்குப் பழக்கமில்லை. எழுத்துத் தெரியாதவள் என்று சொன்னதை மேசை முழுவதும் கேட்டது. நல்ல மூக்கு என்று சொன்னதை நான் ஒருத்தி கேட்டேன், அதுவும் பஸ் இரைச்சலுக்குள். எனக்கு அது போதவில்லை. அந்த மேசையில் இருந்த அளவு ஆட்களாவது இதையும் கேட்க வேண்டும் என்றுதான், எனக்குத் தெரிந்த எழுத்தை வைத்து இவ்வளவையும் எழுதினேன்.